பெண்ட் பைப் ஹெட்டோடு சேரும் இடத்தில் புகை கசிவு: மூன்று முறை பேஸ்ட் பூசியும் நிற்கவில்லை

கரிச்சான் | ஞாயிறு, இரவு 9:12

எல்லோருக்கும் வணக்கம். என்னுடையது 150 சிசி ஒற்றை சிலிண்டர் வண்டி. கார்புரேட்டர், காற்றில் குளிரும் எஞ்சின். ஹெட்டிலிருந்து (சிலிண்டரின் மேல்மூடி) புகையைக் கொண்டுபோகும் பெண்ட் பைப்பும் சைலன்சரும் ஒரே துண்டாக வெல்டு செய்யப்பட்டவை.

இரண்டு மாதத்துக்கு முன்பு வேறு ஒரு வேலைக்காக ஒரு பட்டறையில் சைலன்சரைக் கழற்றி மாட்டினார்கள். தொல்லை அதற்குப் பிறகுதான் ஆரம்பித்தது. காலையில் ஸ்டார்ட் செய்தவுடன் ஹெட் பக்கத்திலிருந்து 'டிக் டிக் டிக்' என்று சத்தம் வருகிறது. ஐந்து நிமிடம் ஓட்டினால் பாதியாகக் குறைந்துவிடும். ஆக்சலரேட்டரை மூடிவிட்டு கியரிலேயே இறக்கத்தில் வந்தால் சைலன்சருக்குள் 'பட் பட்' என்று வெடிக்கிறது.

டேப்பட் (வால்வைத் தள்ளும் பாகம்) சத்தம் என்று நினைத்து இரண்டு முறை அதன் இடைவெளியைச் சரிபார்த்தேன். அளவு சரியாகவே இருந்தது. அப்புறம்தான் பெண்ட் பைப் ஹெட்டில் நுழையும் இடத்துக்குக் கீழே கறுப்பாகக் கரி படிந்திருப்பதைப் பார்த்தேன். கசிவுதான் என்று முடிவு செய்து சைலன்சர் பேஸ்ட்டை வெளியே சுற்றிலும் பூசினேன். இரண்டு நாள் அமைதியாக இருந்தது, மூன்றாம் நாள் பொரிந்து உதிர்ந்துவிட்டது. அதைச் சுரண்டிவிட்டு மறுபடியும் பூசினேன், இன்னும் கனமாக. இப்போது மூன்றாவது பூச்சும் போய்விட்டது.

அடுத்து சிவப்பு சிலிகான் பூசலாமா, இல்லை வேறு நல்ல பேஸ்ட் ஏதாவது இருக்கிறதா?

---

நெடுஞ்சாலை | ஞாயிறு, இரவு 9:50

சிவப்பு சிலிகானையே போடுங்கள். என் வண்டியில் பைப்பும் சைலன்சரும் சேருகிற கிளாம்ப் இடத்தில் போட்டு ஒரு வருடத்துக்கு மேல் ஆகிறது. ஒரு துளிப் புகைகூட வரவில்லை. பூசிய பிறகு ஒரு இரவு முழுக்க ஸ்டார்ட் செய்யாமல் காயவிட வேண்டும், அது முக்கியம்.

---

பழைய_ஸ்பேனர் | ஞாயிறு, இரவு 11:05

தம்பி கரிச்சான், சிலிகான் வாங்க வேண்டாம். கொஞ்சம் பொறுமையாக இதைப் படியுங்கள்.

நெடுஞ்சாலை சொல்வது அவருடைய இடத்துக்குச் சரி. ஆனால் அவருடைய இடம் வேறு, உங்களுடைய இடம் வேறு. எஞ்சினிலிருந்து வெளியே வரும் வாயு ஹெட்டின் வாயில் 600 முதல் 800 டிகிரி செல்சியஸ் வரை சூடாக இருக்கும். சிவப்பு சிலிகான் தாங்குவது சுமார் 300, மிஞ்சிப் போனால் 350 டிகிரி. கிளாம்ப் இருக்கும் இடத்துக்கு வருவதற்குள் பைப் காற்றில் நன்றாக ஆறிவிடுவதால் அங்கே அது பிழைத்துக்கொள்கிறது. ஹெட் வாயில் பூசினால் கருகித் தூளாகிவிடும்.

பேஸ்ட் ஏன் உதிர்ந்தது என்றும் சொல்கிறேன். சைலன்சர் பேஸ்ட் காய்ந்தால் கல் மாதிரி ஆகிவிடும். சூட்டைத் தாங்கும், அசைவைத் தாங்காது. ஒற்றை சிலிண்டர் எஞ்சினில் அதிர்வுக்குக் குறைவே இல்லை. 1400 ஆர்பிஎம் ஐட்லிங்கில் எக்ஸாஸ்ட் வால்வு நிமிடத்துக்கு 700 முறை திறக்கிறது. அதாவது நொடிக்குக் கிட்டத்தட்ட 12 முறை உள்ளிருந்து வாயு அந்தப் பேஸ்ட்டை அடிக்கிறது. வெளியே இருந்து பூசியதை உள்ளே இருந்து தள்ளினால் அது நிற்குமா?

அந்த இணைப்பில் கசிவைத் தடுப்பது கேஸ்கட் வளையம் ஒன்றுதான். சிலர் அதைப் பேக்கிங் என்பார்கள். ஹெட்டின் வாய்க்குள் ஒரு சின்னப் படி இருக்கும். வளையம் அந்தப் படியில் உட்காரும், பைப்பின் விளிம்பு அதை அழுத்தும், பைப்பை ஹெட்டோடு பிடிக்கும் தட்டான ஃபிளேஞ்சில் உள்ள இரண்டு நட்டுகளும் அந்த அழுத்தத்தைக் கொடுக்கும். புது வளையம் இறுக்கும்போது நசுங்கி, இரண்டு பக்கத்து மேடு பள்ளங்களுக்கும் தக்கபடி உருமாறிக்கொள்ளும். ஒருமுறைதான் அப்படி நசுங்கும். பைப்பைக் கழற்றி மறுபடி மாட்டினால், ஏற்கெனவே நசுங்கிய வளையம் அதே கோணத்தில் உட்காரும் என்பதற்கு எந்த உறுதியும் இல்லை.

சைலன்சரைக் கழற்றிய பிறகுதான் தொல்லை ஆரம்பித்தது என்கிறீர்கள். அப்போது புது வளையம் போட்டார்களா?

---

கரிச்சான் | திங்கள், காலை 7:20

நன்றி அண்ணா. புது கேஸ்கட் போட்டதாகச் சொன்னார்கள், பில்லிலும் இருக்கிறது. அதனால்தான் அந்தப் பக்கம் சந்தேகமே வரவில்லை.

---

திருகாணி | திங்கள், காலை 10:34

பழையது வெளியே வந்ததா என்றும் கேட்டுப் பாருங்கள். அதுதான் இங்கே கேள்வி.

---

பழைய_ஸ்பேனர் | திங்கள், மதியம் 1:15

திருகாணி சொல்வதை அப்படியே வழிமொழிகிறேன். ஆனால் கழற்றுவதற்கு முன்னால் கசிவு நிச்சயமாக அங்கேதானா என்று பார்த்துவிடுங்கள். கரி படிந்த இடம் நல்ல சாட்சி, ஆனால் பழைய கரியாகவும் இருக்கலாம்.

உங்களுக்கு டேப்பட் சந்தேகம் வந்தது இயல்பு. நாலு ஸ்ட்ரோக் எஞ்சினில் வால்வு இரண்டு சுற்றுக்கு ஒருமுறை தட்டும், புகையும் இரண்டு சுற்றுக்கு ஒருமுறைதான் வெளியேறும். தாளம் ஒன்றே என்பதால் அதை வைத்துப் பிரிக்க முடியாது. வேறு இரண்டு அடையாளங்கள் உண்டு. கசிவுச் சத்தம் எஞ்சினுக்குச் சுமை ஏறினால் பெரிதாகும், மேட்டில் ஏறும்போது கவனியுங்கள். இன்னொன்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள்: சூடானதும் குறைகிறது என்று. பைப்பும் ஃபிளேஞ்சும் சூட்டில் விரிந்து இடைவெளியை ஓரளவு மூடிவிடும். அதனால் சோதனையை எஞ்சின் ஆறிக் கிடக்கும்போதுதான் செய்ய வேண்டும். சூடான வண்டியில் தேடி ஒன்றும் கிடைக்காமல் திரும்புகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

காலையில் முதல் ஸ்டார்ட்டுக்கு முன்பு சோப்புத் தண்ணீரை இணைப்பைச் சுற்றித் தெளித்துவிட்டு ஸ்டார்ட் செய்யுங்கள். முதல் அரை நிமிடத்தில் குமிழ் வரும் இடம் தெரியும், பிறகு தண்ணீர் ஆவியாகிவிடும். அப்போதே வேறு ஒருவரைத் தடித்த கையுறையோடு கனத்த துணியால் சைலன்சர் வாயை ஓரிரு நொடி பாதி அடைக்கச் சொல்லுங்கள். உள்ளே அழுத்தம் ஏறி, கசியும் இடத்தில் 'புஸ்' சத்தம் துல்லியமாகக் கேட்கும். வெறும் கையை வைக்க வேண்டாம்.

இதைத் திறந்த வெளியில் செய்யுங்கள், தம்பி. மூடிய ஷெட்டுக்குள் வேண்டாம். புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. கசிவைத் தேடிக் குனிந்து உட்கார்ந்திருப்பவர் முகத்துக்கு நேராகத்தான் அது வரும்.

---

சின்னப்பிஸ்டன் | திங்கள், மாலை 6:02

நடுவில் ஒரு சந்தேகம், மன்னிக்கவும். என் சைலன்சருக்கு அடியில் பின்பக்கமாக ஒரு சின்ன ஓட்டை இருக்கிறது. காலையில் அதிலிருந்து தண்ணீர் சொட்டுகிறது, கொஞ்சம் புகையும் வருகிறது. இதையும் கசிவு என்று சொல்லலாமா? எபாக்ஸி வைத்து அடைத்துவிடலாம் என்று இருக்கிறேன்.

---

திருகாணி | திங்கள், மாலை 6:40

அடைத்துவிடாதீர்கள்! ஓட்டை வட்டமாக, ஓரம் சுத்தமாக, சைலன்சரின் தாழ்ந்த இடத்தில் இருந்தால் அது தயாரிக்கும்போதே வைத்த வடிகால் ஓட்டை. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் உண்டாகிறது. சூடாக ஓடும்போது ஆவியாக வெளியே போய்விடும். குறைந்த தூரம் ஓட்டி நிறுத்தினால் உள்ளேயே குளிர்ந்து தேங்கும். அது இறங்கிப் போகத்தான் அந்த வழி. அடைத்தால் சைலன்சர் உள்ளிருந்து துருப்பிடித்து, ஒரு நாள் அடிப்பக்கம் முழுக்கப் பொத்தலாகும்.

ஓரம் கந்தலாக, சுற்றிலும் செதில் செதிலாக இருந்தால் மட்டும் அது துருவின் ஓட்டை. ஒரு ஸ்குரூடிரைவர் பிடியால் சுற்றிலும் மெல்லத் தட்டிப் பாருங்கள். நல்ல தகடு கணீரென்று கேட்கும், அரித்த தகடு சத்தமே இல்லாமல் உள்வாங்கும்.

---

சின்னப்பிஸ்டன் | திங்கள், மாலை 7:15

வட்டமாகத்தான் இருக்கிறது, தட்டினால் கணீரென்று கேட்கிறது. நல்லவேளை கேட்டேன். நன்றி அக்கா.

---

மழைக்காலம் | திங்கள், இரவு 8:30

கரிச்சானின் வண்டி கார்புரேட்டர் என்பதால் ஒரு தலைவலி இல்லை. என்னுடையது எஃப்ஐ, அதாவது கார்புரேட்டருக்குப் பதிலாக இன்ஜெக்டர் பெட்ரோலைத் தெளிக்கும் வண்டி. அதே நிலையில் உள்ளவர்களுக்காக எழுதுகிறேன்.

ஆறு மாதத்துக்கு முன்பு மைலேஜ் சட்டென்று இறங்கியது. பிளக்கைக் கழற்றினால் கறுப்பாக இருந்தது. இன்ஜெக்டரைச் சுத்தம் செய்தேன், ஏர் ஃபில்டர் மாற்றினேன், பெட்ரோல் பம்ப் வரைக்கும் போய்விட்டேன். கடைசியில் பார்த்தால், பெண்ட் பைப்பில் ஆக்ஸிஜன் சென்சர் மாட்டும் குமிழைச் சுற்றிய வெல்டில் முடி அளவு விரிசல்.

சத்தம் பெரிதாக இல்லாததால் அந்தப் பக்கமே நான் பார்க்கவில்லை. பைப்புக்குள் அழுத்தம் ஒரே சீராக இருப்பதில்லை. ஒவ்வொரு புகைத் துடிப்புக்கும் பின்னால் ஒரு நொடித் துணுக்கு வெளிக்காற்றை விடக் குறைந்து போகிறது. அப்போது விரிசல் வழியாகக் காற்று உள்ளே இழுக்கப்படும். சென்சர் அந்த ஆக்ஸிஜனைப் பார்த்து, பெட்ரோல் போதவில்லை என்று இசியுவுக்கு (எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினி) சொல்லும். இசியு அதை நம்பி இன்னும் ஊற்றும். இல்லாத குறைக்கு மருந்து கொடுத்துக்கொண்டே இருந்தது என் வண்டி.

பைப்பைக் கழற்றி, சென்சரை எடுத்துவிட்டு, டிக் (TIG) வெல்டிங் செய்த பிறகு மைலேஜ் பழைய இடத்துக்கு வந்தது. சென்சர் உள்ள வண்டியில் சாதாரண சிலிகானை எக்ஸாஸ்ட் பக்கம் பூசவே கூடாது என்பதையும் அப்போதுதான் தெரிந்துகொண்டேன். அதிலிருந்து கிளம்பும் ஆவி சென்சரின் முனையில் படிந்து அதைக் கெடுத்துவிடும். சென்சருக்குப் பாதுகாப்பானது என்று எழுதியிருப்பதை மட்டும்தான் வாங்க வேண்டும்.

---

நெடுஞ்சாலை | திங்கள், இரவு 9:05

என் வண்டியும் எஃப்ஐதான். என்ன சிலிகான் போட்டேன் என்று டியூபை எடுத்துப் பார்த்தேன், சென்சர் பாதுகாப்பு என்று எழுதியிருக்கிறது. கிளாம்பும் சென்சருக்குப் பின்னால் தள்ளித்தான் இருக்கிறது. ஆனாலும் இதை அறியாமல்தான் பரிந்துரைத்தேன். கரிச்சான், என் யோசனையைத் திரும்பப் பெறுகிறேன்.

பட் பட் என்று வெடிப்பதற்கும் இந்தக் காற்று உள்ளே போவதுதான் காரணமா?

---

மழைக்காலம் | திங்கள், இரவு 9:30

அதேதான். ஆக்சலரேட்டரை மூடினால் சிலிண்டருக்குள் போகும் கலவை மிகக் குறைவு, அதோடு பழைய புகையும் கலந்துவிடும். சரியாகப் பற்றாது. எரியாத பெட்ரோல் ஆவி அப்படியே பைப்புக்குப் போகும். ஆவி மட்டும் இருந்தால் அமைதியாக வெளியேறிவிடும். கசிவு வழியாகக் காற்றும் வந்து சேர்ந்தால், சூடான பைப்புக்குள் அது வெடிக்கும்.

---

டூஸ்ட்ரோக்_மனம் | செவ்வாய், காலை 6:45

டூ ஸ்ட்ரோக்காரர்கள் யாராவது படித்தால்: நம் வண்டிகளில் கசிவு கறுப்பு எண்ணெய்ப் பிசினாக வழிந்து தன்னைக் காட்டிக்கொடுக்கும், தேடவே வேண்டாம். ஆனால் அசட்டையாக விடக்கூடாது. எக்ஸ்பான்ஷன் சேம்பரிலிருந்து (வயிறு பெருத்த புகைக்குழாய்) திரும்பி வரும் அழுத்த அலைதான் புதுக் கலவையை சிலிண்டருக்குள் திருப்பித் தள்ளுகிறது. இணைப்பில் கசிந்தால் அந்த அலை பலவீனமாகி, இழுக்கும் சக்தி குறையும். சிலிண்டர் வாயில் கேஸ்கட், கீழே வழுக்கி நுழையும் இணைப்பில் சூடு தாங்கும் சிலிகான் மெல்லிய பூச்சு. இவ்வளவுதான் நான் செய்வது.

---

கரிச்சான் | சனி, மாலை 5:20

அண்ணா, சோப்புத் தண்ணீர் சோதனை செய்தேன். ஃபிளேஞ்சின் இடது பக்கத்தில் மட்டும் கொப்பளித்தது. வலது பக்கம் ஒன்றும் இல்லை. பிறகு நிமிர்ந்து பார்த்தபோதுதான் கவனித்தேன்: ஃபிளேஞ்சுக்கும் ஹெட்டுக்கும் நடுவில் இடது பக்கம் ஒரு நாணயம் நுழையும் அளவு இடைவெளி, வலது பக்கம் அதில் பாதிகூட இல்லை.

நாளை கழற்றப் போகிறேன். நட்டுகள் துருவோடு இருக்கின்றன. ஸ்டட் (ஹெட்டில் பதிந்திருக்கும் மரைக் கம்பி) உடைந்துவிடுமோ என்று பயமாக இருக்கிறது.

---

பழைய_ஸ்பேனர் | சனி, மாலை 7:48

பயம் நியாயமானது. அவசரப்படாவிட்டால் உடையாது.

இன்றிரவே துருவை இளக்கும் எண்ணெயை நட்டு இருக்கும் இடத்தில் விட்டு வையுங்கள். படுக்கப் போகும் முன் இன்னொரு முறை. காலையில் கம்பி பிரஷ்ஷால் வெளியே தெரியும் மரையைத் தேய்த்துச் சுத்தம் செய்யுங்கள். நட்டு வெளியே வரும் பாதை அதுதான், அதில் துரு இருந்தால் பாதி வழியில் இறுகிக்கொள்ளும்.

ஆறு முகமும் முழுதாகப் பிடிக்கும் ரிங் ஸ்பேனரோ சாக்கெட்டோ வைத்து, முதலில் இறுக்கும் பக்கம் ஒரு துளி அசையுங்கள். துருப் பிடிப்பு அதில் உடையும். பிறகு கழற்றும் பக்கம் கால் சுற்று, திரும்ப உள்ளே கொஞ்சம், மறுபடி வெளியே. கையில் ரப்பர் மாதிரி முறுக்கிக்கொள்ளும் உணர்வு வந்தால் உடனே நிறுத்துங்கள். நட்டு கழலவில்லை, ஸ்டட் முறுகுகிறது என்று அர்த்தம். எண்ணெயும் சூடும் இன்னொரு முறை கொடுத்துவிட்டுத் திரும்ப வாருங்கள். சூட்டுத் துப்பாக்கி போதும். சூடு காட்டும் முன் வழிந்த எண்ணெயைத் துடைத்துவிடுங்கள், பெட்ரோல் குழாயையும் டாங்கையும் தள்ளி வையுங்கள்.

நட்டோடு ஸ்டட்டும் சேர்ந்து வெளியே வந்தால் கவலை வேண்டாம். புது ஸ்டட் போட்டுக்கொள்ளலாம். ஹெட்டின் அலுமினிய மரை கையோடு வந்துவிட்டால் மட்டும் ஹெலிகாயில் (புது மரை தரும் கம்பிச் சுருள்) போட வேண்டியிருக்கும், அதற்கும் வழி உண்டு.

பைப்பைக் கீழே இறக்கியதும் ஒரு டார்ச் எடுத்து ஹெட்டின் வாய்க்குள் பாருங்கள். திருகாணி கேட்ட கேள்விக்கு விடை அங்கேதான் இருக்கிறது.

---

கரிச்சான் | ஞாயிறு, காலை 11:10

நட்டுகள் இரண்டும் வந்துவிட்டன! ஒன்று ஸ்டட்டோடு வந்தது, மரை நன்றாகவே இருக்கிறது.

பைப்பை இறக்கியதும் ஒரு கேஸ்கட் வளையம் கீழே விழுந்தது. ஒரு பக்கம் மட்டும் நசுங்கி, இன்னொரு பக்கம் கிட்டத்தட்டப் புதிது மாதிரி இருக்கிறது. வாய்க்குள் டார்ச் அடித்துப் பார்த்தேன். வழுவழுப்பாகக் கறுப்பாக ஒரு விளிம்பு தெரிகிறது. அது ஹெட்டின் பாகம் மாதிரியே இருக்கிறது, தனியாக ஒன்றும் தெரியவில்லை. அதைத் தொடலாமா?

---

திருகாணி | ஞாயிறு, காலை 11:25

தொடுங்கள், ஆனால் மெதுவாக. ஒரு கூரான ஊசியால் அந்த விளிம்பில் ஒரே ஒரு கீறல் போடுங்கள். செம்பு நிறம் மின்னினால் அது பழைய வளையம். வெள்ளி மாதிரி மின்னினால் ஒரு சின்னக் காந்தத்தைக் காட்டுங்கள். ஹெட் அலுமினியம், காந்தத்துக்கு அசையாது. காந்தம் ஒட்டினால் அது இரும்புத் தகடு சுற்றிய வளையம்தான்.

---

கரிச்சான் | ஞாயிறு, காலை 11:52

செம்பு.

---

பழைய_ஸ்பேனர் | ஞாயிறு, மதியம் 12:20

இரண்டு மாதமாக உங்களைப் படுத்தியது அதுதான் தம்பி. பழையது உள்ளே இருக்க, அதன் மேலேயே புதியதை வைத்திருக்கிறார்கள். கரி ஏறி ஹெட்டோடு ஒன்றாகிவிடுவதால், பார்த்தவுடன் அதை யாரும் தனிப்பொருள் என்று நினைக்க மாட்டார்கள். இரண்டு வளையம் சேர்ந்தால் பைப் உள்ளே போக வேண்டிய ஆழத்துக்குப் போகாது. வெளியே துருத்திக்கொண்டு நிற்கும் பைப் எந்தப் பக்கம் வேண்டுமானாலும் சாயும்.

எடுக்கும் முறை: எக்ஸாஸ்ட் வால்வு மூடியிருக்கும்படி பிஸ்டனை கம்ப்ரெஷன் ஸ்ட்ரோக்கின் உச்சத்துக்குக் கொண்டுவந்துவிடுங்கள், உதிரும் கரி சிலிண்டருக்குள் போகாது. வாய்க்குள்ளே ஒரு துணியையும் திணித்து வையுங்கள். வளையத்துக்கும் சுவருக்கும் நடுவில் ஒரு வளைந்த கொக்கி முனையை நுழைத்து, ஒரு இடத்தில் உள்நோக்கி மடக்குங்கள். செம்பு மிருது, மடங்கிவிடும். ஒரு இடம் மடங்கினால் மூக்குக் குறடால் பிடித்து முழுவதையும் சுருட்டி எடுத்துவிடலாம். கொக்கியை எப்போதும் வளையத்தின் பக்கம் சாய்த்துப் பிடியுங்கள். படியில் குறுக்காக ஒரு ஆழக் கீறல் விழுந்தால் அதுவே அடுத்த கசிவு ஆகும்.

---

கரிச்சான் | ஞாயிறு, மாலை 4:35

நாற்பது நிமிடம் ஆயிற்று, ஆனால் முழுசாக வந்துவிட்டது. படியில் கீறல் இல்லை. பித்தளைக் கம்பி பிரஷ்ஷால் கரியை எடுத்தபோது உள்ளே பளபளப்பான சமதளம் தெரிந்தது. பைப்பின் விளிம்பையும் உப்புத்தாளால் சுத்தம் செய்துவிட்டேன்.

கடை நாளைதான் திறக்கும். எடுத்த செம்பு வளையத்தையோ, பாதி நசுங்கியதையோ இப்போதைக்குப் போட்டு ஓட்டலாமா?

---

திருகாணி | ஞாயிறு, மாலை 5:10

பாதி நசுங்கியது வேண்டவே வேண்டாம். அது சாய்வாகத்தான் உட்காரும்.

கெட்டியான செம்பு வளையமாக இருந்தால் மறுபடி பயன்படுத்தும் வழி ஒன்று உண்டு. நசுங்கிய செம்பு இறுகிப் போயிருக்கும். அதை மங்கிய சிவப்பு நிறம் வரும் வரை சுட்டுத் தண்ணீரில் போட்டால் மறுபடி மிருதுவாகிவிடும். இரும்புக்கு நேர்மாறு, தண்ணீரில் போட்டாலும் செம்பு இறுகாது. நானே நெடும் பயணத்தில் ஒருமுறை அப்படிச் செய்து வீடு சேர்ந்திருக்கிறேன். ஆனால் நீங்கள் மடக்கி எடுத்த வளையத்துக்கு அது உதவாது. ஒரு நாள் பொறுங்கள், புதிதே போடுங்கள்.

---

பழைய_ஸ்பேனர் | ஞாயிறு, இரவு 8:40

மாட்டும்போது வரிசை முக்கியம். உங்கள் சைலன்சர் ஒரே துண்டு என்பதால் இன்னும் முக்கியம்.

புது வளையத்தில் ஒரு பொட்டு கிரீஸ் தடவி வாயில் ஒட்டிவையுங்கள், பைப்பை ஏற்றும்போது கீழே விழாது. அந்தக் கிரீஸ் முதல் ஸ்டார்ட்டில் எரிந்து போய்விடும், கொஞ்சம் புகைந்தால் பயப்பட வேண்டாம். பைப்பை ஏற்றி, ஃபிளேஞ்ச் நட்டுகளை விரலால் மட்டும் முடுக்குங்கள். பின்பக்க மவுண்ட் போல்ட்டையும் சும்மா நுழைத்து வையுங்கள். எதையும் இறுக்காமல் சைலன்சரை லேசாக ஆட்டி, அதன் இயல்பான நிலைக்கு வரவிடுங்கள்.

இறுக்குவது முதலில் ஃபிளேஞ்ச். ஒரு பக்கம் கால் சுற்று, மறு பக்கம் கால் சுற்று, மாற்றி மாற்றி. ஒவ்வொரு முறையும் இரண்டு பக்கத்து இடைவெளியையும் பாருங்கள். 6 மி.மீ. ஸ்டட் என்றால் பொதுவாக 10 முதல் 12 நியூட்டன் மீட்டர், 8 மி.மீ. என்றால் 20 முதல் 25. உங்கள் வண்டியின் கையேட்டில் வேறு அளவு இருந்தால் அதையே பின்பற்றுங்கள். மரையில் செம்பு ஆன்டிசீஸ் (இறுகிப் பிடிக்காமல் தடுக்கும் பசை) தடவினால் அடுத்த தடவை கழற்றுவது சுலபம், ஆனால் வழுக்குவதால் அதே டார்க்குக்கு (முறுக்கு விசை) ஸ்டட் அதிகமாக இழுபடும். கொஞ்சம் குறைத்தே இறுக்குங்கள்.

பின் மவுண்ட் போல்ட் கடைசி. பலர் சைலன்சர் தொங்குகிறதே என்று முதலில் பின்னால் இறுக்கிவிடுகிறார்கள். பிறகு முன்னால் ஃபிளேஞ்ச் இழுக்கும்போது பைப் நேராக உட்கார முடியாமல் கோணலாக நசுக்கும். உங்கள் வளையம் ஒரு பக்கம் மட்டும் நசுங்கியதில் அதற்கும் பங்கு இருக்கும் என்று நினைக்கிறேன். ஃபிளேஞ்ச் முழுக்க இறுகிய பிறகு பின் துளை நேராக நிற்கிறதா என்று பாருங்கள். நிற்கவில்லை என்றால் போல்ட்டால் இழுத்துச் சேர்க்க வேண்டாம். இடைவெளிக்கு வாஷர் போடுங்கள், அல்லது பிராக்கெட்டை நிமிர்த்துங்கள்.

---

நெடுஞ்சாலை | ஞாயிறு, இரவு 9:02

ஸ்டார்ட் செய்யும் முன் பைப்பில் பட்ட கைரேகை, எண்ணெய் எல்லாவற்றையும் துடைத்துவிடுங்கள். குரோமிலோ ஸ்டீலிலோ அப்படியே சுட்டு ஒட்டிக்கொள்ளும்.

---

கரிச்சான் | செவ்வாய், இரவு 8:15

மாட்டிவிட்டேன். நீங்கள் சொன்ன வரிசையிலேயே செய்தேன் அண்ணா. ஃபிளேஞ்ச் இறுகிய பிறகு பின்னால் பார்த்தால், பிராக்கெட்டுக்கும் சேஸிஸுக்கும் நடுவில் ஏறக்குறைய 4 மி.மீ. இடைவெளி. முன்பு அதைப் போல்ட்டால் இழுத்துச் சேர்த்திருக்கிறார்கள். இரண்டு வாஷர் போட்டதும் போல்ட் விரலாலேயே உள்ளே போயிற்று.

இன்று காலை ஆறிய எஞ்சினில் ஸ்டார்ட் செய்தேன். டிக் டிக் இல்லை. சோப்புத் தண்ணீரில் ஒரு குமிழ்கூட இல்லை. இத்தனை நாள் கழித்து எஞ்சினின் உண்மையான சத்தத்தைக் கேட்டது மனதுக்கு அவ்வளவு நிறைவாக இருந்தது.

ஒன்று மட்டும் மிச்சம். நீண்ட இறக்கத்தில் இன்னும் எப்போதாவது மெல்லிய 'பொத் பொத்' கேட்கிறது. முன்பு மாதிரி வெடி இல்லை. வேறு எங்காவது கசிகிறதா?

---

மழைக்காலம் | செவ்வாய், இரவு 9:20

ஹெட் பக்கத்திலிருந்து ஏர் ஃபில்டர் பெட்டிக்கு நடுவில் ஒரு சின்ன வால்வு வழியாக ரப்பர் குழாய் போகிறதா என்று பாருங்கள். அது புகைக்குழாய்க்குள் வேண்டுமென்றே சுத்தக் காற்றை விடும் அமைப்பு, மிச்சமுள்ள கார்பன் மோனாக்சைடையும் எரியாத பெட்ரோல் ஆவியையும் அங்கேயே எரிப்பதற்காக. அந்தக் குழாயைச் சோதனைக்காக மட்டும் ஒரு கிளிப் போட்டு நசுக்கி, அதே இறக்கத்தில் ஓட்டிப் பாருங்கள். பொத் சத்தம் நின்றால் கசிவு இல்லை, அந்தக் காற்றுதான். கிளிப்பை எடுத்துவிடுங்கள். குழாயில் விரிசல் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள், நிரந்தரமாக அடைக்க வேண்டாம்.

---

பழைய_ஸ்பேனர் | செவ்வாய், இரவு 9:41

நல்ல செய்தி தம்பி. வேலை இன்னும் ஒன்று பாக்கி இருக்கிறது. புது வளையம் முதல் சூட்டில் இன்னும் கொஞ்சம் உட்காரும். நாளை காலை, எஞ்சின் முழுக்க ஆறியிருக்கும்போது, பின் மவுண்ட் போல்ட்டைத் தளர்த்திவிட்டு ஃபிளேஞ்ச் நட்டுகளை அதே டார்க்கில் ஒருமுறை பாருங்கள். பிறகு மவுண்ட். 100 கிலோமீட்டர் கழித்து இன்னொரு முறை. சூடாக இருக்கும்போது இறுக்காதீர்கள்.

---

கரிச்சான் | இரண்டு வாரம் கழித்து, ஞாயிறு, காலை 8:05

மறுநாள் காலை நட்டுகள் இரண்டும் எட்டில் ஒரு சுற்று வாங்கின. 100 கிலோமீட்டரில் பார்த்தபோது அசையவே இல்லை. இப்போது 420 கிலோமீட்டர் ஓடிவிட்டது, ஃபிளேஞ்சுக்குக் கீழே வெள்ளைத் துணியால் துடைத்துப் பார்த்தேன், கரி இல்லை.

குழாயை நசுக்கி ஓட்டிப் பார்த்தேன், பொத் சத்தம் நின்றது. கிளிப்பை எடுத்துவிட்டேன். குழாயில் வால்வுப் பக்கம் ஒரு மயிரிழை வெடிப்பு இருந்தது, புதிது மாற்றிவிட்டேன்.

எடுத்த இரண்டு வளையங்களையும் ஒரு டப்பாவில் போட்டு, டூல் பெட்டியிலேயே வைத்திருக்கிறேன். அடுத்த முறை யாராவது இந்தச் சைலன்சரைக் கழற்றினால், எத்தனை வளையம் வெளியே வர வேண்டும் என்று காட்டுவதற்கு.